அடைப்புக்குறி பிறந்த கதை

திண்டிவனத்தில் விழுப்புரம் பேருந்துக்காக ஒருநாள் காலை காத்து நின்றேன். எதிர்ச் சுவரில் ஒருவர் கட்சி மாநாட்டு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளையடித்துக் காய்ந்த சுவர். நூல் பிடித்துக் கோடு தட்டியாயிற்று. சிவப்பு டப்பாவைத் திறந்தவர் இடப்பக்கமிருந்து எழுதத் தொடங்குவார் என்று பார்த்தால், நேரே வலது கோடிக்குப் போனார். அங்கே ஒரு வளைவைப் போட்டார். அடைப்புக்குறியின் பின்பாதி. பிறகு அங்கிருந்து பின்னோக்கி வந்து, உள்ளே வரவேண்டிய எழுத்துகளுக்குச் சாண் வைத்து அளந்து புள்ளி குத்தினார்.

ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பேரு எப்படியும் அடங்கிடும் சார். இந்தப் பிராக்கெட்டுதான் செவுத்தவிட்டு வெளிய போயிடும். போன தடவ பக்கத்து வீட்டு கேட்டு மேல ஏறி, சண்டையாப் போச்சு."

அவர் சொன்னது சுவருக்கு மட்டுமல்ல, கட்சிக்கும் பொருந்தும். 'இந்திய கம்யூனிஸ்ட் கட்சி' என்ற பெயரில் யாருக்கும் தகராறு இல்லை. அறுபது ஆண்டுச் சண்டை முழுவதும் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு வளைவுகளுக்குள் நடந்தது. அந்த வளைவுகள் எப்படிப் பிறந்தன, எப்படிப் பெருகின, பழைய தென்னாற்காட்டு மண்ணுக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆயின என்பதுதான் இந்தக் கதை.

பிறந்த நாளிலேயே வழக்கு

குறி பிறப்பதற்கு முன்பும் எல்லாம் ஒற்றுமையாக இருந்துவிடவில்லை. கட்சி பிறந்தது எப்போது என்பதிலேயே இரண்டு கணக்கு உண்டு. 1925 டிசம்பர் 26 அன்று கான்பூரில் என்கிறது இந்திய கம்யூனிஸ்ட் கட்சி. 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் என்கிறது மார்க்சிஸ்ட் கட்சி. கான்பூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னைச் சிங்காரவேலர். 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிய அதே மனிதர்.

சொல்லிலும் இரண்டு கணக்கு. சுயமரியாதை இயக்கத்தார் வாயில் அது 'சமதர்மம்'. கட்சிக்காரர் வாயில் 'பொதுவுடைமை'. 1931 அக்டோபரில் பெரியாரின் 'குடி அரசு' கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெரியார், டிசம்பரில் ஈரோட்டில் தோழர்களைக் கூட்டினார். சிங்காரவேலர் துணையோடு சமதர்மத் திட்டம் உருவானது.

அந்தக் கூட்டு நீடிக்கவில்லை. 1934-ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தது. சுயமரியாதை ஏடுகள் மீதும் அரசின் கை நீண்டது. சாதி ஒழிப்பு வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், அதற்காகச் சமதர்மப் பிரசாரத்தைச் சற்று அடக்கி வாசிக்கலாம் என்று பெரியார் முடிவெடுத்தார். இயக்கத்தில் இருந்த ஜீவானந்தம் ஒப்பவில்லை. அவரும் தோழர்களும் தனியே போய்ச் சுயமரியாதை சமதர்மக் கட்சி கண்டார்கள். பிறகு காங்கிரஸ் சோசலிஸ்டுகள் வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பிரிவின் அடியில் ஒரு கேள்வி கிடந்தது. முதலில் எது? சொத்தா, சாதியா? சொத்து பொதுவானால் சாதி தானே உதிரும் என்பது ஒரு பக்கம். சாதி இருக்கிறவரை பொதுவான சொத்தையும் மேல்சாதிக்காரன்தான் ஆளுவான் என்பது மறுபக்கம். இந்தக் கேள்விக்கு 1935 வாக்கில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டு இரு தரப்பும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டன. அதற்குப் பின் வந்த அடைப்புக்குறிகள் எல்லாம் 'முதலில் எது' என்ற கேள்விக்குச் சொன்ன வேறு வேறு பதில்கள். ஆனால் எதுவும் அந்தத் தாழ்ப்பாளைத் தொடவில்லை.

ரஷ்யப் பாதை, சீனப் பாதை

1948-ல் கல்கத்தா மாநாட்டில் பி.சி. ஜோஷியை இறக்கிவிட்டு பி.டி. ரணதிவே பொறுப்பேற்றார். வந்த சுதந்திரம் போலி, உடனே எழுச்சி வேண்டும் என்பது அவர் நிலை. நகரத் தொழிலாளிதான் முன்னே போகவேண்டும். ரஷ்யாவில் அப்படித்தான் நடந்தது. தெலங்கானாவில் துப்பாக்கியோடு நின்ற ஆந்திரத் தோழர்களோ கிராமத்திலிருந்து, விவசாயியிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். சீனாவில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. இரண்டு தரப்பும் கையில் நூலை வைத்துக்கொண்டே பேசின. ஒன்றின் கையில் லெனின், மற்றதன் கையில் மாவோ.

இந்த வாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் சிறையில் இருந்தார்கள். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள்.

கடைசியில் தீர்ப்புக் கேட்க ஒரு குழு இரகசியமாக மாஸ்கோ போனது. அஜய் கோஷ், டாங்கே, ராஜேஸ்வர ராவ், பசவபுன்னையா ஆகிய நால்வரும் ஸ்டாலினைச் சந்தித்தார்கள். ரஷ்யப் பாதையும் வேண்டாம், சீனப் பாதையும் வேண்டாம், இந்திய நிலைமைக்கு ஏற்ற பாதை என்று 1951-ல் புதுத் திட்டம் எழுதப்பட்டது. மறு ஆண்டு தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குக் கம்யூனிஸ்ட் கட்சி 62 பேரை அனுப்பியது. சண்டை தீர்ந்துவிட்டதைப் போலிருந்தது. உண்மையில் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

முதல் குறி: 1964

குருஷ்சேவ் மறைந்த ஸ்டாலினைக் கண்டித்துப் பேசினார். மாஸ்கோவும் பீக்கிங்கும் ஒருவரையொருவர் ஏசத் தொடங்கின. 1962-ல் எல்லையில் போர் வந்தது. சீனாவைக் கண்டிக்கவில்லை என்று கட்சியின் ஒரு பகுதி சிறைக்குள் போனது. இவ்வளவுக்கும் நடுவில் உள்ளூர்க் கேள்வி ஒன்றுதான்: காங்கிரஸ் நண்பனா, எதிரியா?

1964 ஏப்ரல் 11 அன்று தேசியக் கவுன்சில் கூட்டத்திலிருந்து 32 பேர் எழுந்து வெளியே வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து பி. ராமமூர்த்தி, எம்.ஆர். வெங்கட்ராமன், என். சங்கரய்யா அதில் இருந்தார்கள். சங்கரய்யா 2023-ல் மறைந்தார். அந்த 32 பேரில் கடைசியாக மிஞ்சியிருந்த அச்சுதானந்தன் 2025 ஜூலையில் மறைந்தார். வெளியேறியவர்கள் அவ்வாண்டு இறுதியில் கல்கத்தாவில் தனி மாநாடு நடத்தியபோதும், நாங்கள்தான் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி என்றே சொல்லிக்கொண்டார்கள். 1965-ல் கேரளத் தேர்தல் வந்தது. ஒரே பெயரில் இரண்டு கட்சி நிற்க முடியாது. அப்போது பெயருக்குப் பின்னால் '(மார்க்சிஸ்ட்)' வந்து உட்கார்ந்தது. ஆக, தத்துவச் சண்டையில் கருவாகி வாக்குச் சீட்டில் பிறந்தது அடைப்புக்குறி.

கிராமங்களில் இந்த நுணுக்கமெல்லாம் எடுபடவில்லை. பழைய கட்சி 'வலது', புதுக் கட்சி 'இடது'. சின்னம் கதிர் அரிவாளா, அரிவாள் சுத்தியலா என்று கேட்டால் போதும்.

உள்ளே இருந்த வேறுபாடு ஒரே ஓர் அடைமொழியில் அடங்கும். வலது சொன்னது தேசிய ஜனநாயகப் புரட்சி. இடது சொன்னது மக்கள் ஜனநாயகப் புரட்சி. முன்னதில் உள்நாட்டு முதலாளிகளில் நல்லவர்களுக்கும் தலைமையில் பங்கு உண்டு. பின்னதில் அரசே பெருமுதலாளியும் நிலப்பிரபுவும் நடத்துகிற அரசு. தலைமை தொழிலாளி வர்க்கத்துக்கு மட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தலைமுடியைப் பிளக்கிற வேலை. ஆனால் 'காங்கிரசோடு கூட்டுச் சேரலாமா' என்ற அன்றாடக் கேள்விக்குப் பதில் அந்த அடைமொழிக்குள்தான் இருந்தது.

இரண்டாம் குறி: சின்னக் கோடு

மூன்றே ஆண்டுதான். 1967-ல் மேற்கு வங்கத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சி. மார்க்சிஸ்ட் கட்சியும் அதில் பங்கு. மே 25 அன்று நக்சல்பாரியில் காவல்துறை சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். சுட்டது தங்கள் கட்சி இருக்கும் அரசின் போலீஸ். கட்சிக்குள் கொதித்தவர்கள், வலதுக்காரர்களைப் பார்த்து இடது சொன்ன அதே சொல்லை இடதின் மேல் திருப்பி எறிந்தார்கள்: திரிபுவாதி.

1969 ஏப்ரல் 22, லெனின் பிறந்த நாளில், சாரு மஜூம்தார் தலைமையில் மூன்றாவது கட்சி பிறந்தது. மார்க்சை மட்டும் அடைப்புக்குள் வைத்தவர்கள் அரசை உடைக்கச் சொன்ன லெனினை வெளியே விட்டுவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எனவே குறிக்குள் ஒரு சின்னக் கோடு போட்டு அவரையும் சேர்த்தார்கள்: (மா-லெ). அடைமொழியும் மாறியது. இவர்களுடையது புதிய ஜனநாயகப் புரட்சி. இந்தியா அரைக் காலனி, அரை நிலப்பிரபுத்துவ நாடு. இங்கே இருப்பவன் சொந்தக் காலில் நிற்கும் முதலாளியில்லை, தரகு முதலாளி.

விழுப்புரத்தில் திருச்சி ரயிலில் ஏறினால் உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம் தாண்டிப் பெண்ணாடம் வரும். பக்கத்துச் சௌந்தரசோழபுரத்துக்காரர் புலவர் கலியபெருமாள். தமிழாசிரியர். மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர், மா-லெ பக்கம் வந்தார். கூலியாட்களைத் திரட்டிக்கொண்டிருந்த வாத்தியாரின் ஊருக்கு 'அழித்தொழிப்பு' என்ற சொல் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தது. ஊரில் வர்க்க எதிரியைக் கொன்றால் மக்கள் தானாக எழுவார்கள் என்பது சாரு மஜூம்தாரின் வழி. 1970-ல் புலவரின் தென்னந்தோப்பில் வெடிகுண்டு செய்யும்போது வெடித்து மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். பிறகு வழக்குகள், மரண தண்டனை, ஆயுள் தண்டனையாகக் குறைப்பு. 1983-ல் வெளியே வந்தார். 'விடுதலை' படத்து வாத்தியாரைப் பார்த்தவர்கள் பலர் இவரைத்தான் நினைத்தார்கள்.

குறிக்கு வெளியே வழிந்தவை

1972 ஜூலை 28 அன்று சாரு மஜூம்தார் காவலில் இறந்தார். அதன்பின் மா-லெ உடைந்த வேகத்துக்கு அடைப்புக்குறியால் ஈடுகொடுக்க முடியவில்லை. உள்ளே இடம் தீர்ந்ததும் பெயர்கள் வெளியே தொங்கின. 'விடுதலை' என்பது கட்சிப் பத்திரிகையின் பெயர். அதுவே ஒரு குழுவுக்குக் குடும்பப் பெயரானது. 1980-ல் கொண்டபள்ளி சீதாராமையாவின் 'மக்கள் யுத்தம்' வந்தது. தமிழ்நாட்டில் 'மாநில அமைப்புக் கமிட்டி' தனியே நின்றது.

எதற்காக உடைந்தார்கள்? முதலாவது, தனிநபரைக் கொல்வது போராட்டமா, மக்கள் அமைப்பு கட்டுவது போராட்டமா. இரண்டாவது, தேர்தல். விடுதலைக் குழு மெல்ல மெல்ல வாக்குப் பெட்டிக்கு வந்தது. இன்னொரு பக்கம் 'தேர்தல் பாதை திருடர் பாதை' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். மூன்றாவது, மாவோ சொன்னது 'சிந்தனை'யா, 'இய'மா. சிரிக்க வேண்டாம். இயம் என்று ஏற்றுக்கொண்டால் அது உலகத்துக்கே பொது விதி. சிந்தனை என்றால் சீனத்துக்கு ஏற்ற பயன்பாடு, நம் ஊருக்கு நாம்தான் யோசிக்க வேண்டும். 2004-ல் மக்கள் யுத்தமும் வடக்கேயிருந்த மாவோயிஸ்ட் மையமும் இணைந்தபோது '(மாவோயிஸ்ட்)' என்ற புது அடைப்புக்குறி பிறந்தது.

ஒவ்வொரு குழுவும் தான் மூலத்துக்குத் திரும்புவதாகவே சொன்னது. யாரும் புதிதாக எதையும் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. மற்றவன் வழி தவறிவிட்டான், நான் நூலில் உள்ளபடி நிற்கிறேன். சமயத்தில் இதை அடிப்படைவாதம் என்போம். கட்சியில் 'சரியான நிலைப்பாடு' என்று பெயர்.

தாழ்ப்பாள் திறந்தபோது

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது விழுப்புரம் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

1951-ல் கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் ஒரு கட்சி தொடங்கினார். பெயர் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. பெயரைக் கேட்டால் செங்கொடி தெரியும். வேர் வன்னியர் சமூகத்தில் இருந்தது. 1952 தேர்தலில் சட்டமன்றத்தில் 19 இடம், மக்களவையில் திண்டிவனம் உட்பட 4 இடம். இரண்டே ஆண்டில் படையாட்சியார் காமராசர் அமைச்சரவையில் உட்கார்ந்தார், கட்சி கரைந்தது. ஆனால் ஒரு செய்தி மிச்சமிருந்தது: இந்த வட்டாரத்தில் கூலிக்காரனையும் குறுவிவசாயியையும் ஒன்று சேர்க்கப் பயன்பட்ட கயிறு வர்க்கம் இல்லை.

அந்தக் கயிற்றின் இன்னொரு முனை 1978 ஜூலையில் தெரிந்தது. விழுப்புரம் நகரத்தில் நடந்த சாதி வன்முறையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். வயல் கூலி அரைப்படி கேட்டதற்காக என்றால் கீழ்வெண்மணிக்குச் சொன்ன விளக்கத்தைச் சொல்லலாம். 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிந்த அந்தக் குடிசையை வர்க்கப் போர் என்று எழுதியவர்களும் சாதிக் கொடுமை என்று எழுதியவர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். விழுப்புரத்தில் இறந்தவர்கள் எந்த மிராசுதாரிடமும் படி உயர்த்திக் கேட்கவில்லை. அடைமொழி எதுவும் இங்கே உதவவில்லை. 1935-ல் போட்ட தாழ்ப்பாள் கழன்றது.

முதலில் அசைந்தது பெண்ணாடம் பக்கம். சிறையிலிருந்து வந்த புலவரும், பொன்பரப்பிப் பக்கத்துத் தமிழரசனும் மக்கள் யுத்தத்தை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் தொடங்கிய கட்சியின் பெயரைக் கவனியுங்கள்: தமிழ்நாடு பொதுவுடைமைக் கட்சி (மா-லெ). அடைப்புக்குள் மாற்றமில்லை. அதற்கு முன்னால் இருந்த 'இந்திய' போய்விட்டது. தேசிய இனமே முதல் கேள்வி என்றானது. 1985-ல் மீன்சுருட்டியில் தமிழரசன் வைத்த அறிக்கை சாதி ஒழிப்பைத் தமிழக விடுதலையோடு முடிச்சுப் போட்டது. பாதை பழையதுதான், துப்பாக்கி. 1987 மார்ச்சில் அரியலூர் மருதையாற்றுப் பாலம் தகர்க்கப்பட்டு ராக்போர்ட் ரயில் கவிழ்ந்தது. அவர்களுடைய தமிழ்நாடு விடுதலைப் படை மீது குற்றச்சாட்டு. இறந்தவர்கள் சாதாரணப் பயணிகள். செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பி வங்கியில் கொள்ளையடிக்கப் போன தமிழரசனை ஊர்க்கூட்டமே அடித்துக் கொன்றது. மக்களுக்காக என்று புறப்பட்டவர் மக்கள் கையால் செத்தார்.

அதே செப்டம்பரில், திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ராமதாசின் வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறித்தது. 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. ஜூலை 16 அன்று பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. 1951-ல் உழைப்பாளர், 1989-ல் பாட்டாளி. 'பாட்டாளி வர்க்கம்' என்று மொழிபெயர்ப்பு நூல்களில் கிடந்த சொல்லை ஊர்ச் சொல்லாக்கியது இந்தக் கட்சிதான். வழிகாட்டிகளாக மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் மூவரையும் வைத்தது. அடைப்புக்குறியை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போட்டுப் பார்த்த முயற்சி அது. மூன்று படங்களை ஒரே வரிசையில் மாட்ட முடிந்தது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த தெரு அப்படியே இருந்தது. 2023 ஜூனில் விழுப்புரத்தை ஒட்டிய மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழையும் பிரச்சினையில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள்.

1993

ஒரே ஆண்டில், ஒரே வட்டாரத்தில் இரண்டு வழக்குகள். மார்ச்சில் விருத்தாசலம் பக்கத்து முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவியோடு நின்றது உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சி. உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் வழக்கறிஞர் சந்துரு. இலங்கைப் பிரச்சினையில் கருத்து வேறுபட்டு அதே கட்சியிலிருந்து வெளியே வந்தவர். 'ஜெய் பீம்' படத்தின் மூலக்கதை இதுதான்.

ஜூலையில் விழுப்புரம் பக்கம் அத்தியூரில் ஓர் இருளர் பெண்ணைத் தேடுதல் என்று வந்த புதுச்சேரிக் காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. அதைக் கையில் எடுத்தவர் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிப் பேராசிரியர் கல்யாணி; இன்று பிரபா. கல்விமணி என்று அறியப்படுபவர். மா-லெ அரசியலில் இருந்து வந்தவர். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அலைந்த அலைச்சலில் 1996-ல் திண்டிவனத்தில் ஓர் அமைப்பு உருவானது: பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். பெயரில் அடைப்புக்குறி கிடையாது.

அந்தச் சங்கத்துக்கு வருகிற இருளரிடம் 'முதலில் எது' என்று கேட்டால் பதில் கையில் இருக்கும். ஒரு காகிதம். இனச் சான்று. அது இல்லாமல் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை, விடுதி இல்லை, மேல்படிப்பில் இடம் இல்லை. பழங்குடிச் சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் கோட்டாட்சியர். பாட்டன் பாம்பு பிடித்தாரா, அப்பன் செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தாரா, இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று விசாரணை நடக்கும். நிலம் இல்லாதவன், கூலிக்காரன், கொத்தடிமை: வர்க்கக் கணக்கில் இவரைவிட அடித்தட்டு யாருமில்லை. ஆனாலும் அரசு அலுவலகத்தில் அவர் மெய்ப்பிக்க வேண்டியது தன் சாதியை. திருட்டு எங்கே நடந்தாலும் போலீஸ் முதலில் அவர் வீட்டுக்கு வருவதும் அதே சாதிக்காக. சொத்தா சாதியா என்ற கேள்விக்குத் தாழ்ப்பாள் போட்டவர்கள் அந்த வரிசையில் நிற்கும் ஒருவரின் பின்னால் போய் நின்றிருந்தால், கேள்வி இரண்டல்ல என்று தெரிந்திருக்கும். சிலர் போய் நின்றார்கள். ஒருவர் மார்க்சிஸ்ட் அடைப்பிலிருந்து, இன்னொருவர் மா-லெ அடைப்பிலிருந்து. காவல் நிலைய வாசலில் யாரும் அவர்களிடம் எந்தப் புரட்சி என்று கேட்கவில்லை.

திண்டிவனத்துச் சுவருக்குத் திரும்புகிறேன். ஓவியர் பெயரை எழுதி முடித்திருந்தார். அளவு கச்சிதம்; பக்கத்து வீட்டு கேட் தப்பித்தது. பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்துக்கொண்டே கேட்டார்.

"இவ்ளோ நாளா எழுதறேன் சார். பேருதான் வெளியவே இருக்கே, அப்புறம் உள்ள எதுக்கு? அதுக்கு என்ன அர்த்தம்?"

சொல்லத் தொடங்கினேன். 1964-ஐத் தொடுவதற்குள் விழுப்புரம் பேருந்து வந்துவிட்டது.